ஐந்தாவது நாடகத்தின் கடைசி வசனம்

“என் நாடகத்துக்கு மட்டும் ஏன் இடமில்லை?” என்று பூவராகன் கேட்டார்.

கோமளவல்லி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

கோமளவல்லிதான் அந்தச் சின்ன நாடகக் கொட்டகைக்கு வாத்தியாரம்மா. பூவராகனைவிடப் பதினோரு வயது இளையவர். ஆனாலும் பன்னிரண்டு வருஷமாகப் பூவராகன் அவரிடம்தான் நடிப்புப் படிக்கிறார். படித்தது போக மிச்ச நேரத்தில், அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கிற வேலை.

கொட்டகை முன்பு உப்புக் கிடங்காக இருந்தது. இப்போதும் மழை நாளில் சுவரைத் தொட்டால் கையில் உப்பு ஒட்டும்.

தை பிறந்தால் பங்குனி வரை அங்கே ஐந்து நாடகங்கள். இந்த வருஷத்துக்கு ஒரு கல்யாண வீட்டுக் கேலி நாடகம், ஒரு பேய்க் கதை, பிள்ளைகளுக்கு ஒன்று, புயலடித்த நாளில் நடப்பதாக ஒன்று. இந்த நான்கையும் வாசல் பலகையில் எழுதியாகிவிட்டது. ஐந்தாவது வரி காலியாக இருந்தது.

மறுநாள் காலையில் நோட்டீஸ் அச்சுக்குப் போகிறது.

“காலி ஆட்டம் நல்லாத்தானே போச்சு?” என்றார் பூவராகன்.

காலி ஆட்டம் என்பது அந்தக் குழுவில் மட்டும் உள்ள வழக்கம். பலகையில் பெயர் ஏறுவதற்கு முன்னால், ஒவ்வொரு நாடகத்தையும் ஒரு தரம் வெறும் நாற்காலிகளுக்கு நடித்துக் காட்ட வேண்டும். நடுப்பகலில், கதவை அடைத்துவிட்டு. ஜனங்கள் எங்கே சிரிப்பார்களோ அங்கே நிறுத்த வேண்டும். சிரித்து முடிகிற அளவுக்குக் காத்திருந்துவிட்டுத்தான் அடுத்த வசனம்.

ஊரில் இதைப் பைத்தியக்காரத்தனம் என்கிறார்கள். குழுவில் புதிதாகச் சேர்கிறவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு வருஷம் போனதும் சொல்வதை விட்டுவிடுவார்கள். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள்.

கோமளவல்லி தோலை ஊதித் தள்ளினார்.

“எல்லா இடத்துலயும் நின்னீங்க சார். கடைசி வசனத்துக்கு அப்புறம் நிக்கலை.”

“அங்க யாரும் சிரிக்க மாட்டாங்களே. அழுவாங்க. அழறதுக்குச் சத்தம் ஏது? எதைக் கேட்கக் காத்திருக்கறது?”

சரியான கேள்விதான். கோமளவல்லியும் அதை ஒப்புக்கொண்டார்.

கடைசி வசனம் எதுவென்று சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆட்டத்தில் பூவராகன் நடித்துக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி குமுதவல்லிக்கு நெஞ்சு வலி வந்தது. பக்கத்து வீட்டார் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு ஆள் அனுப்பினார்கள். இடைவேளையில் சேதி வந்தது. வாயுவாக இருக்கும் என்று சொல்லிவிட்டு, மீதி நாடகத்தையும் நடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். மருந்து கொடுக்கிற மனுஷன், அவருக்கா தெரியாது? அவர் போனபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

அதைத்தான் நாடகமாக எழுதியிருந்தார். இறந்துபோன மனைவி திரும்பி வருகிறாள். கணவன் கேட்கிறான்: “நான் அன்னிக்கு வந்திருக்கணுமா?” அவள் சொல்கிறாள்: “நடுவுல எழுந்து வந்திருந்தா அத்தனை ஜனமும் ஏமாந்து போயிருக்கும். நீங்க செஞ்சது சரிதான்.”

அவன் கும்பிடுகிறான். திரை.

இந்த நாடகம் மேடையேறினால் ராத்திரியில் தூக்கம் வரும் என்று பூவராகன் நம்பினார். மூன்று வருஷமாக அவருக்குச் சரியான தூக்கமில்லை.

“இன்னொரு தரம் ஆடுங்க” என்றார் கோமளவல்லி. “இப்பவே.”

மனைவியாக நடிக்கிற செல்வராணி ஊரில் இல்லையே என்றார் பூவராகன்.

“அவ வேண்டாம். உங்க பங்கை மட்டும் ஆடுங்க. அந்தம்மா பேசுற இடத்துல பேசாம நில்லுங்க.”

“எவ்வளவு நேரம்?”

“பதில் வர்ற வரைக்கும்.”

பூவராகன் சிரித்தார். வாத்தியாரம்மா சிரிக்கவில்லை. பூவராகன் முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டு உள்ளே போனார். கோமளவல்லி வெளியிலிருந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்தார்.

உள்ளே தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாக வெயில் இறங்கி, நாற்காலிகள் மேல் பொட்டுப் பொட்டாக விழுந்துகிடந்தது. ஊரில் மூடிப்போன ஒரு சினிமா தியேட்டரின் நாற்காலிகள் அவை. உட்கார்ந்தவர் எழுந்தால் தானாக மடங்கிக்கொள்ளும்.

ஆரம்பத்தில் சுலபமாகவே இருந்தது. அவள் வசனம் வருகிற இடத்தில் நிறுத்தினார். மனப்பாடம்தானே, செல்வராணியின் குரல் மனசுக்குள் ஓடியது. முடிந்ததும் இவர் பேசினார்.

நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, ஓடியது செல்வராணியின் குரல் இல்லை.

பயந்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும். ஆனால் ஆட்டத்தை நடுவில் நிறுத்துகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

கடைசிக் கேள்விக்கு வந்தார்.

“நான் அன்னிக்கு வந்திருக்கணுமா?”

நின்றார்.

மனசுக்குள் எந்தக் குரலும் ஓடவில்லை. தான் எழுதிய வசனத்தைத் தானே நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். முதல் வார்த்தைகூட வரவில்லை.

கூரைத் தகரம் வெயிலில் சடசடத்தது. அப்புறம் அதுவும் அடங்கியது.

நாலாவது வரிசையில் ஒரு நாற்காலி தட்டென்று மடங்கியது.

செருப்புச் சத்தம். வரிசையின் ஓரத்துக்கு வந்து, நடைபாதையில் திரும்பி, கதவை நோக்கிப் போனது. அவசரமில்லாத நடை. வலது காலை லேசாக இழுத்து இழுத்து வைக்கிற நடை. இருபத்தாறு வருஷம் அந்த நடையைச் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் கேட்டவர் அவர்.

கதவருகில் சத்தம் நின்றது. கதவு திறக்கவில்லை.

பூவராகன் அப்படியே இருந்தார். எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. வெயில் பொட்டுகள் ஒரு நாற்காலி தள்ளிப் போயிருந்தன.

பிறகு போய்க் கதவைத் தட்டினார். கோமளவல்லி தாழ்ப்பாளை எடுத்தார்.

“பதில் வந்ததா?”

“வந்தது.”

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லலை. எழுந்து போயிட்டா.”

வாத்தியாரம்மா ஆச்சரியப்படவில்லை. இந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரியும், இவளும் எப்போதோ உள்ளே நின்று எதையோ கேட்டிருக்கிறாள் என்று பூவராகனுக்குத் தோன்றியது. கேட்கத் தைரியமில்லை.

“எந்தப் பக்கமாப் போனாங்க?”

“கதவுப் பக்கம். இங்க வரைக்கும் வந்தா. அப்புறம் சத்தமில்லை.”

“நின்னிருக்காங்க” என்றார் கோமளவல்லி. சற்று யோசித்தார். “நீங்க வருவீங்களான்னு பாத்திருக்கணும். அப்ப நீங்க என்ன செஞ்சீங்க?”

“நின்னுட்டிருந்தேன்.”

“எங்க?”

பூவராகன் திரும்பி மேடையைப் பார்த்தார்.

“மேடையிலயா சார்?” என்று கோமளவல்லி கேட்டார்.

பூவராகன் முகத்தில் பவுடருக்கு அடியில் இருந்த நிறமும் போய்விட்டது. நாடகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நோட்டீஸைப் பற்றிக் கேட்கவில்லை. படியிறங்கினார். செருப்பு மாட்டிக்கொள்ளவும் மறந்து, மருத்துவமனை இருக்கிற பக்கம் பார்த்து, நடுரோட்டில், அந்த வேஷத்தோடேயே ஓட ஆரம்பித்தார்.