தலைமாட்டில் நிற்கிறவர்

இதை எனக்கு முதலில் சொன்னவள் செலின். போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டில் தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, சர்பத் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே சொன்னாள். அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

செலினின் வீட்டுக்காரன் கில்பர்ட், தூத்துக்குடி துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான். எனக்குத் தம்பி வயசு, அதனால் அவன் என்றே எழுதுகிறேன். நாள் முழுக்க சீட்டில் உட்கார்ந்து தொப்பை விழுந்து, டாக்டர் பயமுறுத்தி, சுயம்பு மாஸ்டரின் ஜிம்மில் போய்ச் சேர்ந்தான். மாஸ்டர் அவனைவிட இளையவர். இவன் அவரை மாஸ்டர் என்பான். அவர் இவனை அண்ணே என்பார்.

தொப்பை கரைந்தது. தோள் விரிந்தது, கூடவே ஆசையும் விரிந்தது. ஆணழகன் போட்டியில் நாற்பது தாண்டினவர்களுக்கென்று ஒரு பிரிவு உண்டாம். அதில் ஒரு தடவை மேடையேறிவிட வேண்டும் என்று இருந்தான். முட்டையும் மீனும் புரதப் பவுடருமாகத் தின்றான். ஆனால் கொஞ்ச காலமாகக் கைத் தசை வளராமல் அப்படியே நின்றுவிட்டது. இஞ்ச் டேப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும் ஒரு நூல் ஏறவில்லை.

அவன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடிப்பான். அடிக்கிறவன் இல்லை. சண்டை போடுகிறவனும் இல்லை. ஆனால் ஒரு ஞாயிறு சாயங்காலம், பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சுகிறேன் என்று அடுப்படிக்குப் போனவன், காஸைத் திறந்துவிட்டு, பற்றவைக்க மறந்து, சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டான். பிள்ளைகள் அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்தன. செலின் மாடியிலிருந்து துணி எடுத்து வந்தவள், வாடையில் பதறி, காஸை மூடிவிட்டு ஜன்னலைத் திறந்தாள்.

மறுநாள் அவன் பிள்ளைகள் தலையில் கை வைத்து, இனி இல்லை என்றான்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏலக்காய் மென்றுகொண்டு வந்தான். வேறு எதற்கும் அவன் ஏலக்காய் மெல்லுகிறவன் இல்லை. செலின் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவன் வீட்டுக்கு வராமல் எங்காவது விழுந்து கிடப்பானோ என்று பயம். கேட்காவிட்டால் வீட்டில் என்ன நடக்குமோ என்று பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம், அவித்த முட்டை டப்பாவை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு ஜிம்முக்குப் போய்விட்டான். செலின் அதை எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே பேச்சுக் கேட்டது. அந்த வெயிலில் வேறு யாரும் வந்திருக்கவில்லை. அவனும் மாஸ்டரும்தான்.

"மாஸ்டர், ஒரு சந்தேகம்."

"கேளுங்கண்ணே."

"வாரத்துல ஒரு நாள் குடிச்சா, ஆர்ம்ஸ் ஏறாதா?"

"யாரு கேக்கா? நீங்களா, உங்க கூட்டாளியா?"



"நான்தான்."

"எவ்வளவு?"

"கொஞ்சம்தான்."

"பாட்டில் கணக்குல கொஞ்சமா, உங்க கணக்குல கொஞ்சமா?"

கில்பர்ட் சிரித்தான். "பீரு பார்லியில செய்யிறதுதான மாஸ்டர். ஓட்ஸுக்குச் சித்தப்பா மகன் மாதிரி."

"அப்ப பார்லிக் கஞ்சி குடிங்க. செலினக்கா காய்ச்சித் தரும்."

செலின் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே போகவும் முடியவில்லை. திரும்பவும் முடியவில்லை.

மாஸ்டர் சொன்னார்: "இங்க தசை வளராதுண்ணே. இங்க கிழியத்தான் செய்யும். வீட்ல போயித் தூங்கும்போதுதான் உடம்பு அதைத் தச்சு, முன்ன இருந்ததவிடத் தடிப்பாக்கும். நீங்க குடிச்ச அன்னைக்கு உடம்பு அந்த விஷத்தக் கழுவிவிடுற வேலையில இருக்கும். உடம்புல உள்ள தண்ணியெல்லாம் வடிஞ்சிரும். தூக்கம் தூக்கமாவே இருக்காது. உங்க கையத் தைக்க யாரு வருவா?"

"ஒரு ராத்திரிதான மாஸ்டர். மத்த ராத்திரியெல்லாம் தச்சுக்கிடாதா?"

மாஸ்டர் எழுந்து போய் பெஞ்சின் கொக்கியில் கிடந்த இரும்பு ராடில் எடைப் பிளேட்டுகளை மாட்டினார். கடல் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும் என்று அங்கே எல்லாவற்றிலும் தேங்காயெண்ணெய் தடவி வைத்திருப்பார்கள். காய்ந்த துணியால் பிடிக்கிற இடத்தை மட்டும் எண்ணெய் போகத் துடைத்தார். வழக்கமாக அவர் போடுகிற எடைக்கு மேல் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று சேர்த்தார்.

"வாங்கண்ணே. இன்னைக்கு நான் போடப்போறேன். சப்போர்ட் நில்லுங்க."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். செலின் சொல்லித்தான் எனக்கும் தெரியும். மல்லாந்து படுத்து, அந்த ராடை நெஞ்சு வரைக்கும் இறக்கி மேலே தள்ளுவார்கள். தள்ள முடியாமல் போனால் ராடு நெஞ்சிலோ கழுத்திலோ உட்கார்ந்துவிடும். அதனால் தலைமாட்டில் ஒருவர் குனிந்து, கைகளை ராடுக்குக் கீழே வைத்துத் தயாராக நிற்க வேண்டும். அதுதான் சப்போர்ட்.

அந்த ஜிம்மில் ஒரு வழக்கம் உண்டு. படுக்கிறவர், "நிக்கீங்களா?" என்று கேட்பார். நிற்கிறவர், "நிக்கேன்" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் ராடைக் கொக்கியிலிருந்து எடுக்கக் கூடாது. காய்ச்சல் அடித்து எழுந்தவன், சரியாகத் தூங்காதவன், முந்தின நாள் குடித்தவன் எல்லாம், "நிக்கல" என்று சொல்லி விலகிவிட வேண்டும். காரணம் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் பொய்யாக, "நிக்கேன்" என்று மட்டும் சொல்லக் கூடாது.

மாஸ்டர் படுத்தார். கில்பர்ட் தலைமாட்டில் போய் நின்றான்.

"நிக்கீங்களாண்ணே?"

கில்பர்ட் வாயைத் திறந்தான். எதிர்ச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதில், வாசலில் முட்டை டப்பாவோடு நிற்கிற செலின் தெரிந்தாள். அவள் எப்போது வந்தாள், எதுவரை கேட்டாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"நிக்கேன்" என்றான்.

மாஸ்டர் உடனே ராடைத் தொடவில்லை.

"நேத்து?"

"நேத்து ஒண்ணுமில்ல மாஸ்டர். டயரு மாத்திக்கிட்டு இருந்தேன்."

செலினுக்கு நேற்றைய ஏலக்காய் வாசம் மூக்கிலேயே இருந்தது. கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஒரு ஆண்பிள்ளையை அவன் மாஸ்டருக்கு முன்னால் பொய்யன் என்று எப்படிச் சொல்வது என்று நாக்கு ஒட்டிக்கொண்டது. அதற்குள் மாஸ்டர் ராடை எடுத்துவிட்டார்.

முதல் தடவை இறங்கி ஏறியது. அடுத்த தடவையும் ஏறியது, ஆனால் மெதுவாக.

அதற்கடுத்து நெஞ்சு வரை இறங்கிய ராடு பாதி தூரம் மேலே வந்து, அங்கேயே நின்றது.

மாஸ்டரின் கைகள் நடுங்கின. கழுத்து நரம்பு புடைத்தது.  அந்த நேரத்தில், பிடிங்க என்று சொல்ல முடியாது. பார்த்து நிற்கிறவன்தான் பிடிக்க வேண்டும்.

கில்பர்ட் பிடித்தான். பிடித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் முந்தின நாள் குடித்த கை, விரல்கள் வெலவெலத்தன. உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. இடுப்பிலிருந்து எழும்ப வேண்டிய பலம் எழும்பவில்லை. ராடு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்தபடியே மாஸ்டரின் கழுத்தை நோக்கி நகர்ந்தது.

செலின் மாதாவைக் கூப்பிட்டு ஜெபம் சொல்லத் தொடங்கினாள். கடைசி வரி வரும்போது அவள் வாய் நின்றுவிட்டது. அதில் மரண வேளை என்று வரும். அந்த வார்த்தையை அந்த இடத்தில் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"மாஸ்டர், என்னால முடியல" என்றான் கில்பர்ட். குரல் சின்னப் பிள்ளை குரலாகிவிட்டது. "நேத்து குடிச்சிருக்கேன். பொய் சொல்லிட்டேன். கையில ஒண்ணுமே இல்ல மாஸ்டர்."

டப்பா கீழே விழுந்தது. செலின் ஓடிப் போய், தாழ்ந்திருந்த பக்கத்துக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்தாள். அவள் அதுவரை அந்த ஜிம்முக்குள் காலெடுத்து வைத்ததில்லை. அந்த இரும்பைத் தொட்டதும் இல்லை. மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, "மேல" என்றார். மூன்று பேருமாகத் தள்ளினார்கள். ராடு கொக்கியில் போய் இடித்து உட்கார்ந்தது.



மாஸ்டர் எழுந்து உட்கார்ந்தார். அவர் நெஞ்சில், கழுத்துக்குக் கீழே, ராடு உரசிய இடத்தில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது. அவர் நிஜமாகவே தள்ள முடியாமல் தவித்தாரா, இல்லை இவனுக்காக நிறுத்தினாரா என்று செலினுக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் பயம் என்றாள்.

மாஸ்டர் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து முதலில் கில்பர்ட்டிடம் நீட்டினார். அவன் வாங்கவில்லை. தரையில் உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் மடியில் போட்டு, யாருடைய கைகளையோ பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். போட்டிக்காக வளர்த்த கைகள். 

"செத்திருப்பீங்க மாஸ்டர்."

"ஆமா."

"நான் குடிச்சது உங்களுக்குத் தெரியாது. அதான் நம்பிட்டீங்க."

"நீங்க உள்ள வரும்போதே தெரியும்ணே. எத்தன பேரப் பாக்கேன்."

கில்பர்ட் தலையைத் தூக்கினான்.

"தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் எம் முன்னால கழுத்தக் காட்டிக்கிட்டுப் படுத்தீங்களா? யாராவது அப்படிப் படுப்பாங்களா மாஸ்டர்?"

மாஸ்டர் செலினைப் பார்த்தார். அவள் குனிந்து, தரையில் உருண்ட முட்டைகளை முந்தானையில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"உங்க வீட்ல எல்லாம் தெரிஞ்சுதான படுக்காங்கண்ணே" என்றார்.

கில்பர்ட் அவளைப் பார்த்தான்.

செலின் என்னிடம் கேட்டுக்கொண்டதையே உங்களிடமும் கேட்கிறேன். இதை உங்கள் வீட்டில் யாருக்காவது சொன்னால், இந்த இடத்தோடு நிறுத்திவிடுங்கள். புத்திமதியாக நாம் ஒரு வார்த்தையும் சேர்க்க வேண்டாம்.