சாயங்காலம் ஆறு மணிக்கு யானை

கொட்டாரமங்கலத்து ராஜா பூபதிரங்கருக்கு ஐம்பது வயதில் இங்கிலீஷ் பிடித்துக்கொண்டது. சளி பிடித்தால் ஒரு வாரத்தில் விட்டுவிடும். இது விடவில்லை.

சொல்லிக்கொடுக்க வந்தவர் வாத்தியார் தாமோதரம். திவான் பதவி மேல் அவருக்கு ஒரு கண். ஒருநாள், இனிமேல் செய்யப்போவதை எப்படிச் சொல்வது என்று பாடம் நடந்தது.

"மகாராஜா, இங்கிலீஷில் அதற்குப் பல வழி உண்டு. இந்த நிமிஷம் தோன்றியது என்றால் 'ஐ வில் கோ'. முன்பே மனசில் முடிவு செய்தது என்றால் 'ஐ ஆம் கோயிங் டு கோ'. நாள், மணி, வண்டி எல்லாம் ஏற்பாடாகிவிட்டது என்றால் வெறும் 'ஐ ஆம் கோயிங்'."

ராஜா துள்ளிக் குதித்தார். "அந்த மூணாவதுதான் எனக்கு வேணும்! என் கட்டில் கால் உடைஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. தச்சன் தினமும் 'நாளைக்கு வர்றேன்'ங்கிறான். எங்கே வந்தான்?"

மறுநாளே தண்டோரா போட்டார்கள். இனி எவர் எதைச் செய்யப்போவதாகச் சொன்னாலும் நாளும் மணியும் சொல்லி, ஏற்பாட்டையும் காட்ட வேண்டும். வாத்தியார் அதை டைரியில் எழுதுவார். எழுதியபடி நடக்காவிட்டால், தலையில் பூசணிக்காயோடு பொழுது சாயும்வரை கோட்டை வாசலில் நிற்க வேண்டும்.

ஊர் ரெண்டுபட்டது. நாளைக்கு வத்தக்குழம்பு என்று சொல்ல, சமையற்காரர் இன்றைக்கே புளியை ஊறவைத்துக் காட்டினார். ஜோசியர் ஊமையாகிவிட்டார். ராஜாவின் தாய்மாமன் வழக்கம்போல "நான் சீக்கிரம் போய்ச் சேர்ந்துடறேன்" என்று அலுத்துக்கொண்டார். எந்தக் கிழமை என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். பாவம், வியாழக்கிழமை காலையில் உயிரோடு எழுந்த குற்றத்துக்காக அவர் பூசணிக்காய் சுமந்தார். விடியலில் உலாவப் போகிறேன் என்று சொல்லித் தூங்கிவிட்ட ராஜாவும் ஒருநாள் சுமந்தார். சட்டம் என்றால் சட்டம்தான்.

பெரிய தொல்லை விடைபெறுகிறவர்களால் வந்தது. "போறேன்" என்று நம்மில் யார் வாயால் சொல்வார்கள்? எல்லோரும் "போயிட்டு வர்றேன்" என்றே கிளம்பினார்கள். "எப்ப வர்றீங்க?" என்று வாத்தியார் பேனாவைத் தூக்குவார். வளையல் விற்க வந்தவர், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர் எல்லோரும் பூசணிக்குப் பயந்து மறுபடி மறுபடி வந்தார்கள். அரண்மனைப் பந்தியில் ராஜாவுக்கே இலை கிடைக்கவில்லை.

இந்த லட்சணத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை வந்து ஆற்றங்கரையில் கூடாரம் அடித்தார். விருந்துக்கு வந்தவர் அரண்மனை யானை செல்லம்மையைப் பார்த்து, "நல்ல யானை" என்றார். ராஜா உபசாரத்துக்காக, "ஐ வில் கிவ்" என்று சொல்லிவைத்தார்.

தாமோதரம் விடுவாரா? துரையைக் குளிர்வித்தால் திவான் பதவி நிச்சயம். "மகாராஜா, 'ஐ ஆம் கிவிங்' என்று சொல்ல வேண்டும்" என்று காதில் ஓதினார். ராஜா கிளிப்பிள்ளையாய், "ஐ ஆம் கிவிங்!" என்றார். அடுத்த நொடி டைரியில் ஏறியது: வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி, யானையும் பாகனும் துரைக்கு.

அப்போதுதான் ராஜாவுக்கு உறைத்தது. ராத்திரி அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பாகன் பாவா சாகிப் நேரே ஆஸ்தான விகடகவி ஐயாறப்பரிடம் ஓடினார். "அய்யா, துரை இவளைக் காட்டுல மரம் வெட்டற கூப்புக்கு அனுப்பறாராம். அம்பத்தெட்டு வயசுங்க. கட்டை இழுத்தா ஒரு மாசம் தாங்க மாட்டா!" சொல்லும்போதே அழுதுவிட்டார்.

ஐயாறப்பர் யோசித்தார். "பாவா, வெள்ளிக்கிழமை அழாமல் இரும். மரியாதை தெரிந்த மனுஷராக, மகாராஜாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பும். அது போதும்."

வெள்ளிக்கிழமை பத்து மணி. மாலை போட்ட செல்லம்மையின் கயிறு துரையின் கைக்குப் போனது. டைரியில் எழுதியது எழுதியபடி முடிந்தது. பாவா சாகிப் கும்பிட்டார். செல்லம்மை தும்பிக்கையைத் தூக்கினாள்.

"நாங்க போயிட்டு வர்றோம், மகாராஜா."

தாமோதரம் கூரையைப் பார்த்தார்.

"வாத்தியாரே, பேனா எங்கே?" என்றார் ஐயாறப்பர்.

ராஜாவுக்கு விஷயம் புரிந்து மீசை துடித்தது. "கேளும்யா!"

"எ... எப்ப வர்றீங்க?"

"இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குங்க."

"ஏற்பாடு?"

"கொட்டிலில் ரெண்டு கட்டு கரும்பு இறக்கியாச்சு" என்றார் ஐயாறப்பர்.

என்ன எழுதுகிறார்கள் என்று துரை கேட்டார். "இந்த ஊர்ச் சம்பிரதாயம்" என்று தாமோதரம் சமாளித்தார். துரை சந்தோஷமாகத் தலையாட்டினார்.

டாண் என்று ஆறு மணிக்குச் செல்லம்மை திரும்பிவிட்டாள்! சம்பிரதாயத்துக்குத் தலையாட்டிவிட்ட துரையால் தடுக்க முடியவில்லை.

மறுநாள் காலை துரையின் ஆட்கள் வந்து அழைத்துப்போனார்கள். மறுபடி "போயிட்டு வர்றோம்." மறுபடி டைரி. மறுபடி ஆறு மணி. தாலுகா கச்சேரி குமாஸ்தா மாதிரி யானை தினமும் போய்வந்தது. கூப்புக்குப் போய்ச் சேரும்போதே திரும்ப நேரமாகிவிடும். ஒரு குச்சியைக்கூட அவள் இழுக்கவில்லை.

ஆறாம் நாள் துரை தாமோதரத்தைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போனார். ஒரு கடிதம் மட்டும் வந்தது. ராஜாவே எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஐ... வில்... சென்ட் ஃபார் த எலிஃபண்ட்." படித்ததும் முகம் மலர்ந்தது. "நாளும் இல்லை, மணியும் இல்லை. டைரியில் ஏறாது! பாவா, அவளைக் குளிப்பாட்டும்!"

பாவா சாகிப் சபை என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதார். இந்த முறை ஐயாறப்பர் தடுக்கவில்லை.

அப்போது தாமோதரம் ராஜா முன்னால் வந்து நின்றார். திவான் பதவியும் போயிற்று, துரையும் போய்விட்டார். விடைபெற வாயைத் திறந்தார். "வர்றேன்" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் மணி கேட்பார்களே! அதை விழுங்கிக்கொண்டு, "ஐ ஆம் கோயிங்" என்றார்.

"ஏற்பாடு?" என்றார் ராஜா.

ஐயாறப்பர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "மூட்டை வண்டியில் ஏறிவிட்டது மகாராஜா, மாடும் பூட்டியாயிற்று. இத்தனை நாளில் இந்தப் பாடத்தைப் பிசகில்லாமல் ஒப்பித்தவர் வாத்தியார் ஒருவர்தான்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி ஐயாறப்பர் கழுத்தில் அங்கேயே போட்டார். நாளைக்குத் தருகிறேன் என்று சொல்ல அவருக்கே பயம்.