ஏரிப் படத்தின் மதிப்பு

"டீச்சர், இதுல என்ன இருக்குன்னு ரோஸலின் இருபது வருஷமா இதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா?"

பரஞ்சோதி அந்த எண்ணெய் ஓவியத்தை மேசைமேல் வைத்தார். பனிமலை, ஏரி, ஓட்டு வீடு, வீட்டிலிருந்து நம்மை நோக்கி வரும் வெளிறிய மண்பாதை. வலது மூலையில் வளைத்து வளைத்து ஃபென்விக் என்று ஒரு கையெழுத்து.

ரோஸலின் அவர் மனைவி. போன பிப்ரவரியில் இறந்துபோனாள்.

பரஞ்சோதியைச் சீடர் என்றால் சிரிப்பீர்கள். வயது அறுபத்தொன்று. சரக்கு ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பேச ஆளில்லை. அதனால் எழும்பூரில் ஓர் ஏலக்கூடத்தில் படங்களை மதிப்பிடும் ஹேமலதாவிடம் தொழில் கற்க வந்துவிட்டார். அவளுக்கு அவரைவிட இருபத்தைந்து வயது குறைவு. கதவைச் சாத்தும்வரை மனிதர் கிளம்பவே மாட்டார்.

"நீங்களே சொல்லுங்க கார்டு சார். என்ன மதிப்பு?"

"கையெழுத்து இருக்கே. பெரிய ஆளா இருப்பாரோ?"

முப்பத்துநாலு வருடம் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவருக்கு வேறெங்கே கண் போகும்?

"ஃபென்விக்னு யாரும் கிடையாது சார். மொத்தமா வரைஞ்சு விக்கிற பட்டறைல வானத்துக்கு ஒருத்தர், மரத்துக்கு ஒருத்தர், கையெழுத்துப் போட ஒருத்தர். ஹாலுக்கு அழகா மாட்டிக்கலாம், அவ்வளவுதான்."

பரஞ்சோதிக்கு முகம் விழுந்துவிட்டது.

"அப்ப ஒண்ணுமே இல்லாததையா பாத்துக்கிட்டு இருந்தா?"

ஹேமலதா ஒரு துண்டுக் காகிதத்தால் கையெழுத்தை மறைத்தாள்.

"இப்பப் பாருங்க."

"மலை. ஏரி. வீடு. ஒரு சிவப்புப் பூச்செடி."

"ஆளு?"

"ஆளே இல்ல டீச்சர். எங்க வீடு மாதிரிதான்."

சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

மாதத்தில் இருபது நாள் அவர் வண்டியில்தான் இருந்தார். ஜோலார்பேட்டை குவார்ட்டர்ஸில் அவளும் இந்தப் படமும். திரும்பி வந்தால் வெள்ளை யூனிஃபார்மைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தூங்குவார். படத்தை ஒருநாளும் பார்த்ததில்லை, அவளையும் சரியாகப் பார்த்ததில்லை. இதையெல்லாம் இப்போது யாரிடம் போய்ச் சொல்வது?

ஹேமலதா ஜன்னலைச் சாத்தி விளக்கை அணைத்தாள். டார்ச்சைப் படத்தின் பக்கவாட்டில் வைத்து அடித்தாள். தொழிலில் இது வழக்கம். பிற்பாடு மேலே பூசிய எதுவும் மேடு தட்டி நிழல் காட்டிவிடும்.

மண்பாதையில் ஒன்று எழுந்தது. சுண்டுவிரல் நகமளவுகூட இல்லை. ஒரு மனிதன். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. முகம் நம் பக்கம். அவர் பூச்செடி என்று நினைத்தது அவன் கையில் இருந்தது.

"வெள்ளை, எழுத்தை அழிக்கிற ஒயிட்னர். சிவப்பு, நெயில் பாலிஷ்" என்றாள் ஹேமலதா. "படம் வாங்கினப்புறம் வேற யாரோ போட்டிருக்காங்க. எங்க தொழில்ல இது குறை. பஞ்சை நனைச்சு ஒரு தடவை ஒத்தினா போயிடும். எடுத்துடட்டுமா?"

பரஞ்சோதி டார்ச்சை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார்.

"அது நான்தான்."

ஹேமலதா குனிந்து பார்த்தாள்.

"ஆமா, கையில கொடி. ஆனா கார்டுன்னா பச்சைதானே காட்டுவீங்க? சிவப்பு போட்டிருக்காங்களே. உங்க வீட்டம்மாவுக்குத் தெரியாதோ?"

"தெரியும். பச்சை காட்டினா வண்டி கிளம்பிடும் டீச்சர்."