கரைகிற துணியில் நாலு பூ

குரு என்றதும் வெள்ளைத் தாடியையும் ஆலமரத்தையும் தேடுகிற ஆள் நீங்கள் என்றால், தூத்துக்குடிக்கு வந்து ஏமாந்துதான் போவீர்கள். பெனிட்டா டீச்சருக்கு முப்பத்து மூன்று வயசு. மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில், ஒரு ஐஸ் கம்பெனியின் மாடியில், நாலைந்து மிஷின்களைப் போட்டு எம்பிராய்டரி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சிஷ்யைக்கு அறுபது முடிந்துவிட்டது. பெயர் செண்பகவல்லி. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டீச்சர் அவளை அக்கா என்பாள். அக்கா அவளை டீச்சர் என்பாள். வயசைப் பார்த்தா பாடம் ஏறுகிறது?

கீழே ஐஸ் உறையவைக்கிற இயந்திரம் பகல் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும். அதனால் மாடித் தரை லேசாக நடுங்கும். காலுக்குச் சில்லென்றும் இருக்கும். ஐஸ் உடைக்கும்போது எழுகிற வெண்புகை ஜன்னல் வரைக்கும் ஏறி வந்து கலையும். அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் தூங்குகிறோமா முழித்திருக்கிறோமா என்றே சந்தேகம் வந்துவிடும்.

முதல் பாடத்திலேயே டீச்சர் மிஷினில் துணியை அழுத்துகிற பாதத்தைக் கழற்றினாள். அடியில் இருக்கிற பல்லையும் இறக்கிவிட்டாள்.

"இந்தப் பல்லுதானே டீச்சர் துணியை இழுக்கும்?"

"ஆமாக்கா."

"அதை இறக்கிட்டா?"

"இழுக்காது."

"அப்ப துணி எப்படி நகரும்?"

டீச்சர் வளையத்தில் ஒரு துணியை மாட்டினாள். அக்காவின் இரண்டு கைகளையும் எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"மிதிங்க."

மிதித்தாள். ஊசி இருந்த இடத்திலேயே நின்று குத்தியது. துணிதான் கையோடு அலைந்தது. நேர்கோடு போட நினைத்தால் கோழி கிளறிய மாதிரி வந்தது. செண்பகவல்லிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"அடி ஆத்தீ! என்ன டீச்சர், எனக்கு முன்னால அது போகுது!"

"போகட்டும். நீங்க பின்னாலயே போங்க."

அவ்வளவுதான், அக்காவைப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. பச்சை நூலை மாட்டினால் ஒரு கொடி கிளம்பி அதுபாட்டுக்குப் போனது. நீலத்தை மாட்டினால் எங்கேயோ பார்த்த குளம் வந்தது. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போனாள். சாதம் பிசைகிற கை தட்டுக்குள்ளேயே இலை வரைந்தது.

"எனக்கு என்னமோ செய்யுது டீச்சர்" என்றாள் ஒருநாள்.

"நல்லா செய்யுதா, கெட்டதா செய்யுதா?"

"நல்லாத்தான். இவ்வளவு சந்தோஷத்தை இத்தனை வருஷமா எங்க கொண்டு ஒளிச்சு வச்சிருந்தாங்கன்னு கோபம்கூட வருது."

டீச்சர் அடிநூலுக்கான பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அந்த மாடியின் ஜன்னலில் ஒன்று தொங்கியது. மீன்களும் நீர்க்குமிழிகளும் கடல்பாசியுமாக நூலால் தைத்தது. ஆனால் பின்னால் துணியே இல்லை. காற்று வந்தால் மீன்கள் அந்தரத்தில் அசைந்தன. ஐஸ் புகை அவற்றின் ஊடே நுழைந்து வெளியே போனது.

"இதை எதுல தச்சீங்க?"

"துணியிலதான்."

"துணி எங்க?"

"போயிருச்சு."

டீச்சர் மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டை எடுத்தாள். பார்க்கத் துணி மாதிரி இருந்தது, தொட்டால் காகிதம் மாதிரி. அதைத் தம்ளர் தண்ணீருக்குள் போட்டாள். கண் முன்னாலேயே அது கூழாகி, அப்புறம் ஒன்றுமில்லாமல் போனது.

"இதுமேல தைக்கணும். தச்சு முடிச்சு அலசினா இது கரைஞ்சிரும். நூல் மட்டும் நிக்கும்."

செண்பகவல்லி தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"எங்கம்மாவுக்கு ஒண்ணு தைக்கணும் டீச்சர்."

அம்மா போய் வருஷம் திரும்பப் போகிறது. பிள்ளைகள் நாலு பேர். பெரியவன் மந்திரமூர்த்தி, அடுத்து செண்பகவல்லி, அப்புறம் இசக்கிமுத்து, கடைசி ஆவுடை. அம்மா இருந்தவரைக்கும் பொங்கலோ கோயில் கொடையோ எதுவானாலும் நாலு குடும்பமும் அந்த வீட்டில்தான் கிடக்கும். அம்மாவின் கடைசி நாளில் ஆஸ்பத்திரியில் யார் இருந்தது, யார் வரவில்லை என்று பெரியவனுக்கும் கடைசிக்கும் பேச்சு தடித்தது. "நீயெல்லாம் ஒரு மகளா?" என்று கேட்டுவிட்டான் அண்ணன். பிரேதத்தைத் தூக்குவதற்குள் இந்தப் பேச்சு. அன்றோடு இரண்டு பேரும் முகம் பார்ப்பதில்லை. நடுவில் இருக்கிற இரண்டு பேரும் எந்தப் பக்கம் பேசினாலும் பொல்லாப்பு.

"திவசத்துக்கு நாலு பேரும் வருவாங்க. அம்மாவுக்காக வருவாங்க. அன்னைக்குச் சேரலைன்னா அதுக்கப்புறம் அந்த வீட்டுக்கு வர யாருக்கும் ஒரு காரணமும் கிடையாது. அம்மா படத்துக்கு முன்னால ஒண்ணு தொங்கவிடணும் டீச்சர். நாலு பேரும் அதுல இருக்கணும். அதைப் பார்த்தாவது..."



"தைங்கக்கா" என்றாள் டீச்சர்.

அக்கா தைத்தாள். அண்ணனுக்குப் பூவரசம்பூ. தனக்குச் செம்பருத்தி. தம்பிக்குத் தும்பை. ஆவுடைக்குப் பிச்சி. சின்ன வயசில் அம்மா அந்தந்தப் பிள்ளைக்கு என்று கொல்லையில் ஒதுக்கிவைத்த பூக்கள். இதழ் இதழாக நூலை ஓட்டினாள். வெளிர் மஞ்சளிலிருந்து அடர் மஞ்சளுக்குப் போகிற இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பூவரசின் நடுவில் இருக்கிற அந்தக் கறுஞ்சிவப்பு வந்தபோது தனியாகவே "ஆகா" என்றாள். தன்னை மறந்து தைத்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு போன நாட்கள் உண்டு.

ஒன்றே ஒன்றில் மட்டும் கவனமாக இருந்தாள். அண்ணனின் இலை ஆவுடையின் கொடிமேல் படக்கூடாது. கல்யாண வீட்டில் ஆகாத சம்பந்திகளைப் பந்தியில் தள்ளித் தள்ளி உட்காரவைப்பார்களே, அந்த மாதிரி நாலு பூவுக்கும் நடுவில் நல்ல இடைவெளி விட்டாள்.

டீச்சர் எட்டிப் பார்த்தாள்.

"நடுவுல ஒண்ணும் தைக்கலையாக்கா?"

"வேண்டாம் டீச்சர். இது அவ மேல உரசுது, அது இவன் மேல ஏறுதுன்னு அதுக்கும் ஒரு சண்டை வரும். அவங்கவங்க இடத்துல அவங்கவங்க அழகா இருக்கட்டும்."

"சரி" என்று டீச்சர் நகர்ந்துவிட்டாள்.

தைத்து முடித்ததும் வளையத்திலிருந்து எடுத்துத் தூக்கிப் பிடித்தாள். வெள்ளைப் பரப்பில் நாலு பூவும் அப்படி ஒரு லட்சணம். மாடியில் இருந்த மற்ற பெண்கள் மிஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள்.

டீச்சர் அகலமான பேசினில் தண்ணீர் பிடித்து வைத்தாள். அக்கா சாமி கும்பிட்டுவிட்டுத் துணியை உள்ளே இறக்கினாள்.

துணி கரைந்தது. முதலில் ஓரங்கள், பிறகு நடுப்பகுதி. பூக்கள் தண்ணீரில் பளிச்சென்று தெரிந்தன. செண்பகவல்லி சிரித்தாள். அடுத்த நிமிஷம் பூவரசு மெல்லத் திரும்பி ஒரு பக்கம் போனது. பிச்சி எதிர்ப்பக்கம் போனது. தும்பை பேசினின் விளிம்பில் போய் ஒட்டிக்கொண்டது. செம்பருத்தி மட்டும் நடுவில் நின்ற இடத்திலேயே சுற்றியது.

அக்கா பதறிப்போய்க் கையை விட்டு நாலையும் கூட்டினாள். கையை எடுத்ததும் மறுபடி விலகின.

"ஐயோ டீச்சர்! போச்சே! எல்லாம் போச்சே!"

நாளை மறுநாள் திவசம். அவள் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். யாரும் தேற்றவில்லை. கீழே ஐஸ் இயந்திரம் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

அழுகை அடங்கியதும் கேட்டாள். "துணியில இருக்கையில ஒண்ணாத்தானே டீச்சர் இருந்துச்சு?"

"துணியில இருக்கையில எல்லாமே ஒண்ணாத்தான் இருக்கும்."



டீச்சர் நாலு பூவையும் எடுத்து ஒற்றி உலர்த்தினாள். புதிதாக ஒரு கரைகிற துணியை விரித்து அவற்றைப் பழையபடி வைத்து, வளையத்தில் மாட்டினாள்.

"நடுவுல தைங்க."

"என்ன பூ?"

"பூ வேண்டாம்."

"என்ன கலரு?"

"கைக்கு வந்தது."

"எதையாவது வரைஞ்சு கொடுங்க டீச்சர்."

"எனக்கு என்ன தெரியும் உங்க வீட்டுல என்ன நடந்துச்சுன்னு?"

அக்கா மிதித்தாள். முதலில் ஒரு இழை, பூவரசிலிருந்து தும்பைக்கு. அண்ணன் தம்பிக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன் என்று கிணற்றில் தள்ளிவிட்டது ஞாபகம் வந்தது. அந்த இழை குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே போனது. அவள் களுக்கென்று சிரித்தாள். தும்பையிலிருந்து செம்பருத்திக்கு ஒன்று. டவுன் ஸ்கூலுக்குப் போகத் தம்பியின் சைக்கிளை இவள் திருடிக்கொண்டு போய் முள்ளுக்குள் விழுந்தது. ஆவுடை பிறந்த அன்று மூன்று பேரும் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. நூல் வளைந்தது, சுழன்றது, முன்னால் போன இழையைத் தாண்டித் திரும்பி வந்து அதையே கட்டிக்கொண்டது. என்ன உருவம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வலையா, வேரா, மழையா? ஆனால் பூ தைத்தபோது வந்த சந்தோஷம் எல்லாம் இதற்குக் கால்தூசி. கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு, காலில் மிதி. ஜன்னலில் புகை ஏறிவருகிறதா, தான்தான் இறங்கிப் போகிறோமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

நடுவில் ஒரு தரம் மிஷின் நின்றது.

"ஆஸ்பத்திரி ஞாபகம் வருது டீச்சர். கோபம் கோபமா வருது. இதை விட்டுரவா?"

"அதையும் தைங்க. கோபத்துல தச்சாலும் தையல் விழத்தான் செய்யும்."

தைத்தாள். ஆனால் பூவரசுக்கும் பிச்சிக்கும் நடுவே வந்ததும் கை பயந்துவிட்டது. அங்கே மட்டும் மெல்லிசாக இரண்டு இழையை ஓட்டிவிட்டு வேகமாக வெளியே வந்துவிட்டாள். டீச்சர் அதையும் பார்த்தாள்.

"அலசிரலாமா?" என்று கேட்டாள் அக்கா.

"இங்க வேண்டாம். வீட்டுக்குக் கொண்டு போங்க. நாலு பேரும் ஆளுக்கொரு மூலை பிடிச்சுத் தண்ணியில விடுங்க."

"பிரிஞ்சிருச்சுன்னா?"

டீச்சர் அதைச் சுருட்டிப் பையில் வைத்துக் கொடுத்தாள்.

திவசம் கழிந்து அக்கா மாடி ஏறி வந்தபோது மூச்சு வாங்கியது. உட்காருவதற்கு முன்னாலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

"எல்லாரும் வந்தாங்க டீச்சர். ஒருத்தருக்கொருத்தர் பேசலை. இலையில உட்காரும்போதுகூட அண்ணன் ஒரு மூலை, ஆவுடை ஒரு மூலை. நான் அம்மாவோட அண்டாவுல தண்ணி வச்சு, வந்து பிடிங்கன்னு சொன்னேன். 'என்னட்டி இது, சின்னப்பிள்ளை வெளையாட்டு'ன்னான் அண்ணன். அம்மாவுக்குன்னு சொன்னதும் வந்து பிடிச்சான்."

"ம்."

"துணி கரைஞ்சிச்சு. எல்லா இடமும் நின்னுச்சு டீச்சர். நான் பயந்த அந்த இடம் மட்டும் பிடுங்கிக்கிட்டு வந்திருச்சு."

"ம்."

"எனக்கு உசுரே போயிருச்சு. பார்த்தா, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தண்ணிக்குள்ள கையை விட்டு அதைப் பிடிச்சுட்டாங்க. இவனும் விடலை, அவளும் விடலை. அப்புறம் அண்ணன் சொன்னான், 'உனக்குக் கை வலிக்கும் ஆவுடை, நீ விடு, நான் பிடிச்சுக்கிடுதேன்'னு. ஒரு வருஷம் கழிச்சு அவகிட்ட அவன் பேசின பேச்சு டீச்சர் அது. அவ விடலை. அழுதா. அவன் அதுக்கு மேல ஒண்ணும் பேசலை. ஆனா சாயங்காலம் வரைக்கும் யாரும் கிளம்பலை."

பையிலிருந்து அதை எடுத்து மேஜையில் விரித்தாள். நாலு பூவும் அவற்றுக்கு நடுவே எண்ணமுடியாத இழைகளும். ஒரே ஒரு இடத்தில் கிழிசல்.

"நீங்களே தச்சுக் கொடுத்துருங்க. உங்க கை சுத்தமான கை. நான் தச்சா மறுபடி பயந்துருவேன்."

டீச்சர் கிழிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது யாரு யாருக்கு நடுவுல?"

"எங்கண்ணனுக்கும் ஆவுடைக்கும்."

டீச்சர் அதை மடித்து அக்காவின் கையிலேயே கொடுத்தாள்.

"அவங்க ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்க."

செண்பகவல்லி கண்ணை அகல விரித்தாள். "எங்கண்ணனையா! அறுபத்து ரெண்டு வயசு டீச்சர் அவனுக்கு. ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாதே!"

"உங்களுக்கு மட்டும் தெரிஞ்சா வந்தீங்க?"