எட்டுக்கட்டையின் முதல் இதழ்

“திருப்பிக் கொடுத்துட்டாங்க, டீச்சர்,” என்றார் சண்முகக்கனி.

பெனிட்டா டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

“பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ‘சூப்பர் அங்கிள்’னு சொன்னாங்க. மடங்காம, கசங்காம அப்படியே திருப்பிக் கொடுத்துட்டாங்க.”

சண்முகக்கனிக்கு ஐம்பது வயது. சிவகாசியில் முப்பது வருஷமாகக் காலண்டர் வடிவமைத்தவர். அவர் கைபட்ட முருகன் தொங்காத சுவர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை.

அந்த வருஷம் அவருடைய முதலாளிக்கு ஓர் ஆசை வந்தது. பத்தாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்கென்று ஓர் இசைப் பத்திரிகை. பெயர், ‘எட்டுக்கட்டை’. பொறுப்பு சண்முகக்கனி தலையில் விழுந்தது.

தெய்வங்களைத் தெரிந்த அளவுக்கு அவருக்குப் பிள்ளைகளைத் தெரியாது. அதனால்தான் பத்திரிகை வடிவமைப்பு சொல்லித் தரும் பெனிட்டாவிடம் மாணவராகச் சேர்ந்தார். டீச்சர் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

“அடுத்த தடவையும் தேறலைன்னா காலண்டருக்கே போயிடச் சொல்லிட்டார் முதலாளி,” என்றார். “சுவத்துல தொங்குறதையே செஞ்சு பழகிட்டேன். யாராவது கையில வெச்சுக்கிட்டு விடாம படிக்கிற மாதிரி ஒண்ணே ஒண்ணு செஞ்சிரணும் டீச்சர்.”

பிள்ளைகள் திருப்பிக் கொடுத்த இதழைப் பெனிட்டா வாங்கினார். தாம்பாளம் மாதிரி அகலம். அட்டையில் தீப்பிடித்து எரியும் கிடார். பக்கத்துக்குப் பக்கம் ‘மச்சி’.

அலமாரியிலிருந்து பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தை எடுத்தார். அதைத் திறந்து, நடுவில் எட்டுக்கட்டையை வைத்து மூடினார்.

நாலு பக்கமும் துருத்திக்கொண்டு நின்றது.

இரண்டையும் சேர்த்துச் சண்முகக்கனி கையில் கொடுத்தார்.

“போயிட்டு வாங்க அண்ணாச்சி.”

மறுவாரம் சண்முகக்கனி வந்தபோது இதழ் பாதியாகச் சுருங்கியிருந்தது. இயற்பியலுக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

பெனிட்டா புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்து வாசிக்க ஆரம்பித்தார்.

“என்ன தெரியுது?”

“இயற்பியல்.”

“சரி.”

அவர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருந்தார். சண்முகக்கனிக்கு இருப்புக் கொள்ளவில்லை. எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்? பிடித்திருக்கிறதா? மெல்ல எழுந்து டீச்சரின் முதுகுப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்.

பட்டென்று புத்தகத்தை மூடினார் பெனிட்டா.

“ஏன் டீச்சர்?”

சண்முகக்கனி பழைய இடத்துக்குப் போனார். புத்தகம் திறந்தது. திரும்ப வந்தார். மூடியது.

“நான் செஞ்சது டீச்சர் அது! நானே பார்க்கக் கூடாதா?”

பெனிட்டா புத்தகத்தை மடியில் மறைத்துக்கொண்டு, வாத்தியாரைப் பார்க்கிற பிள்ளை மாதிரி அவரைப் பார்த்தார்.

சண்முகக்கனி இதழை உருவிக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிப் போய்விட்டார். கோபமாகத்தான் போனார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கோபம் இருந்தது. அங்கே ஓர் இடத்தில் நின்று தன் இதழைப் பிரித்தார். முதல் பக்கத்தில் முதலாளியின் வாழ்த்துச் செய்தி, போட்டோவோடு. மூன்றாம் பக்கத்தில் ‘இசை கேட்டால் மதிப்பெண் கூடும்’. ஆறாம் பக்கத்தில் ‘பெற்றோர் கவனத்துக்கு’.

பெரியவர்களுக்குத் தெரியாமல் ஒளித்துப் படிக்க அதில் ஒரு வரிகூட இல்லை. அவர் ஏற வேண்டிய பஸ் வந்து போய்விட்டது.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனார். காட்டுவதற்குக் கையில் எதுவும் கொண்டுபோகவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் பிள்ளைகளோடு மரத்தடியில் உட்கார்ந்தார். அன்றைக்கு யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த நாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார். கடைசியில் நூர்ஜஹான் என்ற பதினொன்றாம் வகுப்புப் பெண்தான் கேட்டாள்.

“அங்கிள், டெஸ்க்ல தாளம் போட்டா வாத்தியாருக்குக் கேக்காம இருக்க ஒரு வழி இருக்கு. உங்க புக்குல போடுவீங்களா?”

“சொல்லு.”

சொன்னாள். தட்டியும் காட்டினாள். பக்கத்தில் ஒருவன் ஜியாமெட்ரி பாக்ஸை உருட்டிச் சேர்ந்துகொண்டான். இன்னொருத்தி மெதுவாகப் பாட ஆரம்பித்தாள். மணி அடித்ததும் எல்லாரும் ஓடிவிட்டார்கள். சண்முகக்கனியின் விரல்கள் மட்டும் முழங்காலில் ஓடிக்கொண்டிருந்தன.

முதல் இதழ் தயாரானது. அட்டையில் ஒரு டெஸ்க், பத்து விரல்கள். வேறெதுவும் இல்லை.

முதலாளி புரட்டினார். திரும்பப் புரட்டினார்.

“என் வாழ்த்துச் செய்தி எங்க, கனி?”

“எடுத்துட்டேன் முதலாளி.”

“பெத்தவங்களுக்கு எழுதுனது?”

“அதையும்.”

“இதுல எனக்கு ஒண்ணுமே புரியலையே!”

முப்பது வருஷத்தில் முதல் தடவையாகச் சண்முகக்கனி முதலாளியை நேருக்கு நேர் பார்த்தார்.

“ரொம்ப சந்தோஷம் முதலாளி,” என்றார்.

முதலாளி முகம் சிவந்தது. ஆனாலும் மெஷினுக்கு அனுப்பினார். ஓடாவிட்டால் காலண்டர்தான், அதுவும் இந்த ஆபீஸில் இல்லை என்று சொல்லித்தான் அனுப்பினார்.

இதழ் கடைக்கு வந்த வாரமே, பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை ஸ்டெல்லா ராஜம் ஆபீஸுக்குள் புயலாக நுழைந்தார். கையிலிருந்த கட்டைப்பையை முதலாளியின் மேஜையில் கவிழ்த்தார். சரசரவென்று விழுந்தது அத்தனையும் எட்டுக்கட்டை. ஓரம் மடிந்து, மூலை கிழிந்து, மை பட்டு, ஒன்றுகூடப் புதிதாக இல்லை.

“எல்லாம் புடுங்கி வெச்சது!” என்றார். “கேட்டா அழறாங்க. ஒருத்தி பரீட்சை பேப்பரை வேணா எடுத்துக்கங்க, இதை மட்டும் குடுங்கங்கிறா. இன்னைக்குக் காலையில இயற்பியல் வகுப்பு எப்படி இருந்துச்சு தெரியுமா? அத்தனை பேரும் புத்தகத்தை நேரா நிமித்திப் பிடிச்சு, குனிஞ்ச தலை நிமிராம படிக்கிறாங்க. என் சர்வீஸ்ல அப்படி ஒரு வகுப்பை நான் பார்த்ததில்ல! அப்பவே எனக்குச் சந்தேகம் வந்துச்சு.”

சண்முகக்கனி அந்தக் குவியலிலிருந்து ஒன்றை எடுத்தார். பரோட்டா எண்ணெய் பட்ட விரல் தடம் ஒன்று அட்டையில் இருந்தது. அதைத் துடைக்காமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

முதலாளி எழுந்து கைகூப்பினார். திரும்ப உட்கார்ந்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் ஒரு பிரதியைப் பிரித்துப் பார்த்தார். பார்த்தபடியே, தன்னையறியாமல் மேஜையில் தட்ட ஆரம்பித்தார்.

தலைமையாசிரியை அந்த விரல்களையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நகம் படுது சார்,” என்றார். “விரல் நுனியால தட்டணும். ஏழாம் பக்கத்துல தெளிவா போட்டிருக்காங்க, பாருங்க.”