யானை எழுதிய செய்முறை

ஒரு காட்டில், ஓடைக்கரை ஆலமரத்தடியில், குட்டி விலங்குகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. மைனாதான் டீச்சர். அறிவியல் பாடத்தை மைனா சொல்லும், குட்டிகள் திருப்பிச் சொல்லும். அவ்வளவுதான். பாதிக் குட்டிகள் உட்கார்ந்தபடியே தூங்கி வழியும்.

ஒருநாள் தாய்மான் வந்தது. "டீச்சரம்மா, பள்ளியில் என்ன படித்தாய் என்று கேட்டால் என் மகன் கொட்டாவி விடுகிறான். இனி அனுப்பப் போவதில்லை. மற்ற அம்மாக்களும் அதையேதான் பேசிக்கொள்கிறார்கள்."

மைனாவுக்குப் பகீரென்றது. குட்டிகள் இல்லாமல் பள்ளிக்கூடம் ஏது?

"நாளை ஒருநாள் மட்டும் அனுப்புங்கள். நீங்களும் வந்து பாருங்கள்" என்று கெஞ்சிவிட்டு, யானையிடம் பறந்தது. எதையும் தானே செய்து பார்த்துத்தான் நம்புவது யானையின் குணம்.

"யானையண்ணா, குட்டிகள் தாங்களே செய்து பார்க்கிற மாதிரி ஒரு செய்முறை எழுதித் தாருங்கள்!"

"இதென்ன பெரிய வேலை!" என்றது யானை. தானே செய்து பார்த்துவிட்டு, ஒரு வாழை மட்டையில் எழுதிக் கொடுத்தது.

மறுநாள் தாய்மானும் யானையும் பார்த்துக்கொண்டிருக்க, மைனா அதை வாசித்தது. "ஓர் ஆலிலையைத் தரையில் வை. தும்பிக்கையில் கொஞ்சம் தண்ணீர் எடு. இலைமேல் விடு. தண்ணீர் இலைக்குள் போகிறதா, வழிகிறதா என்று பார்."

"எனக்குத் தும்பிக்கை இல்லையே டீச்சர்!" என்றது அணில். "எனக்கும் இல்லை!" என்றது முயல். குரங்குக்குட்டி தன் மூக்கை இழுத்து இழுத்துப் பார்த்தது.

"அட, இதுகூடவா தெரியாது? இப்படித்தான்!" என்று யானை கொஞ்சம் தண்ணீரைப் பீய்ச்சியது. யானைக்குத்தான் அது கொஞ்சம். அணில் உருண்டுபோய் வேரில் மோதியது. இலைகள் எல்லாம் சிதறின.

"நல்ல பாடம்! வாடா, போகலாம்" என்றது தாய்மான்.

மான்குட்டி நகரவில்லை. அதன் காலடியில் கிடந்த இலையில் ஒரு துளி தங்கியிருந்தது.

"அம்மா! இந்தத் துளிக்கு அடியில் மட்டும் இலை நரம்பு பெரிதாகிவிட்டது!"

குட்டிகள் மொய்த்துக்கொண்டன. முயல் மெல்ல ஊதியது. துளி நகர்ந்தது. அது போன இடமெல்லாம் நரம்பு பெரிதாகத் தெரிந்தது, விட்ட இடத்தில் பழையபடி சிறிதாகத் தெரிந்தது.

யானை மண்டியிட்டு ஒரு கண்ணால் பார்த்தது.

"எத்தனை வருடம் தண்ணீரை வாரி இறைத்திருக்கிறேன்! ஒரு துளி இப்படிச் செய்யும் என்று எனக்குத் தெரியாமலே போயிற்றே!" என்றது.

இன்னொரு துளி வைக்கப் பார்த்தது யானை. சளாரென்று ஒரு குடம் தண்ணீர் கொட்டியது. குட்டிகள் சிரித்தன, யானையும் சிரித்தது.

"சரி, நீங்கள் எப்படி வைப்பீர்கள்? செய்து காட்டுங்கள்" என்று கேட்டது.

அணில் புல் நுனியை நனைத்துத் துளி வைத்தது. குரங்குக்குட்டி சுண்டுவிரலால் வைத்தது. முயல் மீசையாலேயே வைத்துவிட்டது! யானை தான் எழுதியதை அழித்துவிட்டு, அவர்கள் செய்ததைப் பார்த்துப் பார்த்துப் புதிதாக எழுதியது.

மைனா தயங்கித் தயங்கித் தாய்மானின் அருகே போனது. "அம்மா, நாளைக்கு உங்கள் மகனை..."

தாய்மான் இலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"கொஞ்சம் இருங்கள் டீச்சரம்மா, இப்போது என் முறை!"

நீதி: குழந்தைகளுக்கான செய்முறையை அவர்கள் கையில் கொடுத்துப் பார்த்த பிறகே எழுதி முடிக்க வேண்டும்.