ஊர்க்கரைக்குக் காட்டின படம்

ஒரு ஊர்ல ஒரு ஆறு. ஊர் சின்னது, ஆறு பெருசு. ஆத்துக்கு இந்தப் பக்கம் ஊர்க்கரை, அந்தப் பக்கம் தோப்புக்கரை. ஊர்க்கரையில வீடு, கடை, கோயிலு எல்லாம் இருந்துச்சு. தோப்புக்கரையில தென்னை மரமும், அதுக்கு நடுவுல ஒரே ஒரு குடிசையும்தான். ம் சொல்லு. நீ ம் சொன்னாத்தான் கதை நகரும்.

ம்.

அந்த ஊர்ல பவளம்னு ஒரு புள்ளை. முன்பல்லு ரெண்டும் விழுந்து, ஒண்ணு மட்டும் பாதி முளைச்சிருந்த வயசு. ஒரு நாள் காலையில அவளுக்கு உடம்பு கொதிச்சுது. சாயங்காலம் பாத்தா வயித்துல ஒரு கொப்புளம், முதுகுல ஒரு கொப்புளம். அப்புறம் பொலபொலபொலன்னு உடம்பு பூரா. அம்மை போட்டுடுச்சு.

வீட்ல அவ அம்மாவுக்கு அப்பத்தான் பாப்பா பொறந்திருக்கு. அது இன்னும் கண்ணையே ஒழுங்காத் தொறக்கல. டாக்டரு வந்து பாத்தாரு. "பெரியவளுக்கு மருந்து தரேன், பயமில்ல. பச்சைப் புள்ளைக்கு ஒட்டிக்கிட்டாத்தான் ஆபத்து. தள்ளி வச்சுப் பாத்துக்குங்க"ன்னுட்டாரு.

எங்க தள்ளி வைக்கிறது? தோப்புக் குடிசைதான். கூட யாரு போறது? சடைச்சி அத்தைதான். பவளத்தோட அப்பாவுக்கு அக்கா அவங்க. சின்ன வயசுலயே அம்மை வந்து போயாச்சு, திரும்ப ஒட்டாது. சாட்சிக்குக் கன்னத்துல நாலஞ்சு பள்ளம் இருந்துச்சு.

அப்புறம் ரெண்டு பேரையும் பரிசல்ல ஏத்தி, சளப் சளப்புன்னு துடுப்புப் போட்டு, தோப்புக்கரையில எறக்கி விட்டாங்க. அத்தை ஒரு வெள்ளை வேட்டிய விரிச்சு, அது மேல வேப்பிலையைப் பரப்பி, பவளத்தைப் படுக்க வச்சாங்க.

படுத்தா அரிக்குது. உக்காந்தா அரிக்குது. நமநமநமன்னு அரிக்குது.

"சொறிஞ்சிராதட்டி"ன்னாங்க அத்தை. "சொறிஞ்சா அந்த இடம் காலத்துக்கும் பள்ளமாப் போயிரும். என் மூஞ்சியப் பாரு. மளை பெஞ்சா இதுல தண்ணி தேங்கும்."

"கையை என்ன அத்தை பண்றது? அதுவாப் போகுதே."

நல்ல கேள்வி. கை சும்மா இருந்தா கன்னத்துக்குத்தான் போகும். அத்தை யோசிச்சுப் பாத்தாங்க. அடுப்புலேர்ந்து ஆறின கரித்துண்டு ஒண்ணை எடுத்து, ஊதி, பவளம் கையில குடுத்தாங்க.

"இந்தா. படம் போடு."

சுவத்துல தொங்கின பழைய காலண்டர்ல ஒரு தாளைக் கிழிச்சு, பின்பக்கத்தைத் திருப்பிக் குடுத்தாங்க. பவளம் உக்காந்து போட்டா. பரபரபரன்னு போட்டா. போட்டுக்கிட்டே இருந்த வரைக்கும் அரிப்பு எங்க போச்சுன்னே தெரியல. ம்?

ம்.

சாயங்காலம் ஆச்சு. ஊர்க்கரைக்கு அப்பா வந்தாரு, தாத்தா வந்தாரு, சித்தி வந்தாங்க. அம்மாவால வர முடியல, பாப்பா இருக்குல்ல. தினம் அப்படி வந்து, கரையில நின்னு கத்திக் கேட்டுட்டுப் போறதுன்னு பேச்சு. ஏன் போன்ல பேசலன்னு கேக்காத. அப்போ அந்த ஊருக்குப் போனே வரல. ஆத்துக்கு நடுவுல காத்து வேற உய்ய்ய்னு அடிக்கும். சொல்ற வார்த்தையில பாதி தண்ணியில விழுந்துடும். ஆளுங்களும் விரல் உசரம்தான் தெரிவாங்க, மூஞ்சி தெரியாது. வேட்டி தெரிஞ்சா அப்பா, தடி தெரிஞ்சா தாத்தா.

"ஏஏஏய்... பவளாஆஆ!"

பவளம் படத்தைத் தூக்கிக் காட்டினா. அவ போட்டிருந்தது மாடு.

ஊர்க்கரையில எல்லாரும் கண்ணு மேல கையை வச்சுப் பாத்தாங்க. அப்புறம் தாத்தா குரல் வந்துச்சு. "கட்டிலு! அளகா இருக்கு தாயி, கட்டிலு!"

"மாடு தாத்தா! மாடு!"

"ஆமா ஆமா! நாலு காலும் நல்லா உறுதியா இருக்கு!"

அப்பாவும் சித்தியும் கை தட்டினாங்க. டப் டப் டப். பவளம் காலண்டர் தாளை இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பாத்தா. கட்டில் மாதிரியும்தான் இருந்துச்சு.

"தூரம்டி"ன்னாங்க அத்தை. "நாளைக்குப் பெருசாப் போடு."

மறுநாள் பெருசாவே போட்டா. சிமெண்ட் மூட்டைக் காகிதம் ஒண்ணு கெடந்துச்சு, அதைப் பிரிச்சு, முட்டி போட்டு, யானை போட்டா. தும்பிக்கையை மேல தூக்கின யானை. சாயங்காலம் அத்தை ஒரு பக்கம் புடிக்க, இவ ஒரு பக்கம் புடிக்க, தூக்கிக் காட்டினாங்க.

"இட்டிலிக் கொப்பரை!" சித்தி கத்தினாங்க. "ஆவி பறக்குது பாருங்க, ஆவி!"

"கெட்டிக்காரி! அப்படியே சட்டினியும் போடு தாயி!" இது தாத்தா.

அன்னைக்கு பவளத்துக்குக் கோவம் வந்துடுச்சு. ஒத்துக்கணும், அவங்க நல்ல மனசோடதான் சொன்னாங்க. ஆனா யானையைக் காட்டினவளுக்கு இட்டிலிக் கொப்பரைக்கு வாங்குற பாராட்டு எதுக்கு? கரித்துண்டை வீசிட்டா. கை சும்மா ஆச்சு. சும்மா ஆன கை கழுத்துக்குப் போச்சு. சரக்குன்னு ஒரு சொறி. அத்தை ஓடி வந்து கையைப் புடிக்கிறதுக்குள்ள ஒரு கொப்புளம் போச்சு.

"கழுத்தோட போச்சு. அடுத்தது மூஞ்சிதான், பாத்துக்க"ன்னு... இல்ல இல்ல, அத்தை அப்படிச் சொல்லல, "களுத்தோட போச்சு"ன்னாங்க. ஏன்னா... அடடா, ஒண்ணு சொல்ல மறந்தே போயிட்டேன் பாரு. அந்த ஊர்க்காரங்க யாருக்கும் 'ழ' வராது. மழைன்னா மளை. அழகுன்னா அளகு. வாழைப்பழம்னா வாளப்பளம். வெளியூர்லேர்ந்து ஒரு வாத்தியாரு வந்து, நாக்கை மடி, இன்னும் மடின்னு வருஷம் பூரா சொல்லிக் குடுத்தாரு. மாத்தலாகிப் போற அன்னைக்கு அவரே, "சீக்கிரம் வண்டிய எடுப்பா, மளை வருது"ன்னுட்டுப் போனாரு. இதை ஞாபகம் வச்சுக்க. தூங்கிட்டியா?

ம்ஹும்.

சரி. அந்தச் சமயம் பாத்து அப்பா கையைக் குவிச்சுக்கிட்டுக் கத்தினாரு. "நாளைக்கு... அம்மாஆஆ... வாராஆஆ!"

காத்து அதுல ஒரு எழுத்தைக்கூடத் தண்ணியில தள்ளல. முழுசா வந்து சேந்துச்சு.

அம்மா வந்தா அம்மாவுக்கு என்ன காட்டுறது? அம்மா தாத்தா மாதிரி கட்டிலுன்னு சொல்லிடக் கூடாது. பாத்த உடனே தெரியணும். பவளம் விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சுட்டா. படுத்திருந்த வேட்டியை உருவி, வேப்பிலையை உதறி, தரையில விரிச்சா. படுக்கைக்கு அத்தை வேற வேட்டி விரிச்சாங்க.

கரி மட்டும் போட்டாத்தானே கட்டிலாத் தெரியுது? வேலியில கோவைக்கொடி கெடந்துச்சு. அந்த இலையைக் கசக்கித் தேய்ச்சா, பச்சை. பச்சைன்னா அப்படி ஒரு பச்சை. கோவைப்பழத்தை நசுக்கித் தேய்ச்சா, சிவப்பு. தேய் தேய்னு தேய்ச்சா. ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் பச்சை. மூக்கு அரிச்சுது, தொடல. காதுக்குப் பின்னாடி அரிச்சுது, தொடல. மத்தியானம் கஞ்சியை அத்தை ஊட்டித்தான் விட்டாங்க.

என்ன போட்டா சொல்லு பாப்போம்?

கிளி.

கிளியேதான். உன் அளவுக்கு உசரமான கிளி. பச்சை உடம்பு, சிவப்பு மூக்கு, கரியில ஒரு கண்ணு.

சாயங்காலம் ரெண்டு தென்னைக்கு நடுவுல கயித்தைக் கட்டி, வேட்டியைத் தொங்க விட்டாங்க. அத்தை எளனி வெட்டப் பின்பக்கம் போயிட்டாங்க. பவளம் தனியா நின்னா. ஊர்க்கரையில வேட்டி தெரிஞ்சுது. தடி தெரிஞ்சுது. அதுக்குப் பக்கத்துல, மஞ்சச் சேலை. அம்மா.

ஆறு சலசலசலன்னு ஓடுச்சு. அப்புறம் அம்மாதான் முதல்ல கத்தினாங்க.

"கிளி!"

அப்பா கத்தினாரு. "கிளி! கிளி!"

அப்புறம் எல்லாரும் சேந்து, கையை ஆட்டி ஆட்டி, "கிளி! கிளி! கிளி!"

இப்போ நீயே யோசிச்சுப் பாரு. 'ழ' வராத ஊர்ல பறக்குறதும் கிளிதான், துணியைக் கிழின்னு சொன்னாலும் கிளிதான். பக்கத்துல நின்னு சொன்னா மூஞ்சியைப் பாத்துத் தெரிஞ்சுக்கலாம். விரல் உசரத்துல நின்னு சொன்னா?

பவளத்துக்கு என்ன கேட்டுச்சு தெரியுமா? கட்டில் அழகா இருக்குன்னாங்க. இட்டிலிக் கொப்பரை அழகா இருக்குன்னாங்க. இது மட்டும் அவங்களுக்கே பொறுக்கல. அம்மாவே சொல்றாங்க, கிழின்னு.

அவ அழல. கயித்துலேர்ந்து வேட்டியை எறக்கினா. பாதி முளைச்ச பல்லால ஓரத்தைக் கடிச்சா. ரெண்டு கையாலயும் புடிச்சு, சர்ர்ர்ர்ர்.

ஊர்க்கரையில ஆட்டின கை எல்லாம் அப்படியே நின்னு போச்சு.

அத்தை எளனியைப் போட்டுட்டு ஓடி வந்தாங்க. "ஏட்டி! எதுக்குட்டி கிளிச்ச?"

"அவங்கதான் கிளின்னாங்க."

"கிளியைப் பாத்தாக் கிளின்னுதானட்டி சொல்லுவாங்க!"

"கிளியைச் சொல்லல. கிளிக்கத்தான் சொன்னாங்க."

"கூறுகெட்டவளே, கிளின்னா அந்தக் கிளி இல்லட்டி, இந்தக் கிளி!"

"நீங்க அங்க பின்னாடி இருந்தீங்க. எனக்குத்தான கேட்டுச்சு, கிளின்னு?"

எந்தக் கிளின்னு 'ழ' வராத வாயால அத்தை எப்படிச் சொல்லிக் காட்டுறது? எப்படிச் சொன்னாலும் ஒண்ணாத்தான் வருது.

பவளம் தள்ளிப் போய், ஆத்துக்கு முதுகைக் காட்டி உக்காந்துட்டா. அம்மாவுக்கே புடிக்கலன்னா மூஞ்சி எப்படிப் போனா என்ன? பச்சை விரல் கன்னத்துக்குப் போச்சு. கன்னத்து நடுவுல நல்லா முத்தின கொப்புளம் ஒண்ணு. நகம் அது மேல போய் உக்காந்துச்சு. அத்தை எட்டிப் புடிக்கிற தூரத்துல இல்ல. ம் சொல்லு.

ம்!

ஊர்க்கரையில அப்போ என்ன நடந்துச்சுன்னு பின்னாடிதான் எல்லாருக்கும் தெரியும். அம்மாதான் புரிஞ்சுக்கிட்டாங்க. "ஏங்க, நாம கிளின்னது அவளுக்குக் கிளின்னு கேட்டுருச்சு!" அப்பாவுக்கு வெளங்கல. "கிளின்னா கிளின்னுதான கேக்கும்?" அம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க. "இனி வாயால ஒண்ணும் பேசாதீங்க. பறங்க!"

"என்னது?"

"பறங்கன்றேன்ல!"

பவளத்தோட அப்பா ஊர்ல பெரிய மனுஷன். கல்யாண வீட்லகூடச் சிரிக்க மாட்டாரு. அவரு தோள்துண்டை எடுத்து, ரெண்டு முனையையும் ரெண்டு கையில புடிச்சு, படக் படக்னு அடிச்சாரு. அப்புறம் வாயைத் தொறந்தாரு.

"கீஈஈஈ! கீஈஈஈ!"

பவளம் திரும்பிப் பாத்தா. நகம் இன்னும் கொப்புளத்து மேலதான் இருந்துச்சு.

மணல்ல அப்பா குதிச்சுக் குதிச்சு ஓடுறாரு. படக் படக் படக். "கீஈஈஈ!" பின்னாடியே தாத்தா, தடியைக் கீழ போட்டுட்டு, குந்தி உக்காந்து, கழுத்தை முன்னாடி நீட்டி நீட்டி, "கீச் கீச் கீச்!" சித்தி கோவைப்பழம் கொத்துற மாதிரி சும்மாக் காத்தைக் கொத்துறாங்க. துணி துவைக்க வந்தவங்கல்லாம் வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறாங்க. அம்மா ஓடல, புள்ளை பெத்த பச்சை உடம்பு. நின்ன எடத்துலயே மஞ்ச முந்தானையை ரெண்டு பக்கமும் விரிச்சு, மெதுவா அசைச்சாங்க.

அப்படி யாரும் ஒண்ணைக் கிழிக்கச் சொல்லி ஆட மாட்டாங்கல்ல?

பவளம் எந்திரிச்சா. கெடந்த ரெண்டு துண்டையும் எடுத்தா. ஒண்ணுல மூக்கும் கண்ணும், ஒண்ணுல றெக்கையும் வாலும். ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டினாப்ல வச்சு, தலைக்கு மேல தூக்கிப் புடிச்சா. எறக்கினாப் பிரிஞ்சு போயிடுமேன்னு எறக்கவே இல்ல. ஊர்க்கரையில அப்பாவுக்கு மூச்சு வாங்குற வரைக்கும், சூரியன் தென்னைக்குக் கீழ போற வரைக்கும் புடிச்சுக்கிட்டே நின்னா. கன்னம் அரிச்சுது. நல்லாவே அரிச்சுது. ஆனா போறதுக்கு அவகிட்ட கை இல்ல.

அப்புறம் அத்தை ஊசி நூலு எடுத்து, எப்படிக் குத்தி இழுக்கிறதுன்னு காட்டி, அவ கையிலயே குடுத்துட்டாங்க. அதைத் தைக்கவே சில நாள் ஆச்சு. அதுக்குள்ள அம்மை எறங்குச்சு. மஞ்சளும் வேப்பிலையும் போட்டு மூணு தண்ணி ஊத்தினாங்க. பரிசல் வந்துச்சு, வீட்டுக்குப் போனா. அம்மா அவ மூஞ்சியை வெளிச்சத்துப் பக்கம் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. கன்னம் ரெண்டும் வழுவழுன்னு இருந்துச்சு.

"அப்பா, இன்னொரு தடவை பறங்கப்பா"ன்னா பவளம்.

"போட்டி, போய்ச் சாப்பிடு"ன்னாரு அப்பா. அவரு அதுக்கப்புறம் பறக்கவே இல்ல.

அவ்வளவுதான். கிளி கூட்டுக்குப் போயாச்சு, கதை கரை சேந்தாச்சு. ம்... ம் சத்தத்தைக் காணோமே. சரி, தூங்கு.